பதிவேட்டில் ஏறிய ஊன்றுகோல்

பக்கவாதம் வந்து தேறிய ஒருவர் நடக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய கால் முடிவு செய்ய முடியாது. பெண்டாட்டியும் முடிவு செய்ய முடியாது. அதற்கென்று அரசாங்கம் பத்து மீட்டர் ஒதுக்கியிருக்கிறது.

தாழேக்காவு தாலுக்கா ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து மீட்டர், பதினாலாம் நம்பர் அறைக்கு முன்னால் தாழ்வாரத்தில் இருந்தது. தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு, முடியும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. நடுவில், ஏழாவது மீட்டரில், பழுதான எக்ஸ்ரே மெஷின் ஒன்று நின்றது. அது இனி உதவாது என்று மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துச் சான்று தரும்வரை அதை நகர்த்தக் கூடாது. ஆறு வருஷமாக ஆள் வரவில்லை. ஆகவே நடக்க வந்தவர்கள் மெஷினைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சுற்று எத்தனை அடி என்று கோப்பில் இல்லை. எல்லோருமே சுற்றுவதால் யாருக்கும் அநீதி இல்லை என்று மட்டும் கோப்பில் இருந்தது.

அளவு கறாரானது. விநாடிக்கு நாற்பது செண்டிமீட்டருக்குக் குறைவாக நடந்தால் 'வீட்டோடு நடப்பவர்'. நாற்பதிலிருந்து எண்பது வரை 'தெருவோடு நடப்பவர்'. எண்பதைத் தாண்டினால் 'ஊரோடு நடப்பவர்'. இந்த முத்திரை வாங்காமலே ஊர் முழுக்க நடந்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் நடந்தது கணக்கில் சேராது.

மகர மாதம் ஏழாம் தேதி, முற்பகல் பதினோரு மணி நாற்பது நிமிஷத்துக்குச் சங்குண்ணி அந்தக் கோட்டில் வந்து நின்றார். வயது ஐம்பத்தெட்டு. ஊர்க் கோயிலான தாழேக்காவு அம்பலத்து யானை நீலாண்டனுக்கு இருபத்திரண்டு வருஷமாக முதல் பாகன். அதிகம் பேசாதவர். பேசுவதற்குப் பதிலாக எண்ணுவார். யானை ஒரு நாளில் எத்தனை பனை ஓலை தின்றது, குளிக்கும்போது எத்தனை முறை தும்பிக்கையைத் தூக்கியது, எல்லாம் அவரிடம் இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தப்பில்லாமல் சொல்வார்.

போன மழைக்காலத் தொடக்கத்தில், இடவப்பாதி மழையில், ஒரு நாள் காலை கஞ்சிக் கிண்ணம் அவருடைய இடது கையிலிருந்து தானாக நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த இருபத்தொரு நாளும் நீலாண்டன் பாதி வயிறு தின்றான். இரண்டாம் பாகன் பிஜு முப்பது வயதுக்காரன், நல்ல உடம்பு, நல்ல குரல். ஆனால் அவன் 'நட, ஆனே' என்று சொன்னால் நீலாண்டன் அதை ஒரு செய்தியாகக் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான்.

சங்குண்ணி ஆட்டோவில் திரும்பி வந்த அன்று, யானை தும்பிக்கையால் அவரைத் தலையிலிருந்து கால்வரை முகர்ந்து பார்த்தது. இடது காலில் மட்டும் தும்பிக்கை அதிக நேரம் நின்றது. பெரிய டாக்டர்கூட அந்தக் காலை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று அவர் மனைவி தேவயானி இன்றைக்கும் சொல்கிறாள்.

அவர் மறுபடி நடக்கப் பழகியது யானையோடுதான். வலது கை யானையின் இடது தந்தத்தில். 'நட, ஆனே' என்பார். யானை ஒரு அடி வைக்கும், அவரும் ஒரு அடி வைப்பார். அந்தச் சொல் இருவருக்கும் சேர்த்துத்தான். அவருடைய இடது கால் அந்த ஒரு சொல்லுக்குத்தான் கட்டுப்பட்டது. வேறு யார் என்ன சொன்னாலும் யோசித்தது. கட்டுத்தறியிலிருந்து குளிக்கடவு, அவர் காலடிக் கணக்கில், இருநூற்றுப் பன்னிரண்டு அடி. முதல் நாள் ஒரு மணி ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏழாம் மாதம் இரண்டு நிமிஷம்.

வழியில் மணல் இருந்தது. அவருடைய இடது கால் இழுபட்டுப் போன இடத்தில் மெல்லிய கோடு விழும். நாலாம் மாதத்திலிருந்து அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தது, அகலமாக. நீலாண்டன் தன் பின்னங்கால்களில் இடது காலைச் சற்றே இழுத்துக்கொண்டிருந்தான். அவருக்காகக் காத்துக் காத்து வந்த பழக்கம். சங்குண்ணி இதைப் பார்த்தார், எண்ணிக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மஞ்சள் கோட்டுக்கு வந்ததற்குக் காரணம் அம்பலக் கமிட்டியின் செயலாளர் பிரபாகர மேனோன். ஓய்வுபெற்ற தாசில்தார். ஓய்வு பெற்ற பிறகும் வாசலில் நிற்பவரை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் தலை நிமிர்வார். அவர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். மகரம் முப்பதாம் தேதிக்குள் முதல் பாகன் 'ஊரோடு நடப்பவர்' என்று அரசுச் சான்று கொடுக்க வேண்டும். தவறினால் நீலாண்டனை இரண்டு வருஷத்துக்கு வடக்கே ஒரு பார்ட்டிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அங்கே புதுப் பாகன் வருவார்.

புதுப் பாகன் வருவது என்றால் என்னவென்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாலு காலிலும் சங்கிலி போட்டு, யானை புதுக் குரலுக்குப் பணியும்வரை அடிப்பார்கள். பத்து நாள், பதினைந்து நாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்குண்ணியும் அப்படித்தான் நீலாண்டனிடம் வந்து சேர்ந்தார். அந்தப் பதினாலு நாளில் கொடுத்த அடி எத்தனை என்பது அவருக்குத் தெரியும். கேட்டாலும் அவர் சொல்லாத கணக்கு அது ஒன்றுதான்.

பதினாலாம் நம்பர் அறையில் ஷெமீனா என்ற இளம் பெண் இயன்முறை மருத்துவர். பொறுமைசாலி. எக்ஸ்ரே மெஷினை நகர்த்தச் சொல்லி நாலு முறை எழுதியவள். அவள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "ரெடி சேட்டா, ஒன், டூ, த்ரீ" என்றாள். சங்குண்ணியின் வலது கால் புரிந்துகொண்டது. இடது கால் அது யாரை அழைக்கிறது என்று யோசித்தது. வலது கைக்குப் பக்கத்தில் காற்றுதான் இருந்தது. மெஷினைச் சுற்றி ஒன்பது அடி. கோட்டைத் தாண்டியபோது இருபத்தாறு விநாடி.

ஒரே ஒரு விநாடி குறைந்திருந்தால்கூடத் தெருவுக்காவது போயிருக்கலாம். விநாடிக்கு முப்பத்தெட்டு செண்டிமீட்டர். வீட்டோடு நடப்பவர்.

முத்திரை வைப்பவர் தலைமை எழுத்தர் உலகன்னான். சட்டத்தை நேசிப்பவர். லஞ்சம் வாங்க மாட்டார்; அதனால் அவரைத் திருத்த வழியே இல்லாமல் இருந்தது.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துதான் வந்தேன் சாரே" என்றார் சங்குண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி."

"அது ரோட்டுல நடந்தது. ரோடு நம்ம டிப்பார்ட்மென்ட் இல்லை."

"வீட்டோடு நடப்பவர்னு எழுதிட்டீங்க. இப்ப நான் வீட்டுக்கு எப்படிப் போறது?"

உலகன்னான் இதை நேர்மையாக யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சான்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடும்படி சொன்னார். அது சட்டத்துக்குப் புறம்பான யோசனை என்றாலும், மனிதாபிமானத்தால் சொன்னதாகவும் சொன்னார்.

வீட்டில் தேவயானி சான்றை இரண்டு முறை படித்தாள். வீட்டோடு நடப்பவர் என்றால் அடுப்படிக்கும் வரலாம்தானே, தேங்காய் துருவ ஆள் இல்லை என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே துருவினாள்.

அன்று அளவைக்கு முன்னால் சங்குண்ணி தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தார். நாலாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த விதிகள் பதினாலையும் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டார். ஏழாம் விதி இப்படிச் சொன்னது: நோயாளி அன்றாடம் எந்த ஊன்றுகோலைப் பயன்படுத்துகிறாரோ, அதே ஊன்றுகோலோடு அளக்கப்பட வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய் ஷெமீனாவிடம் ஏழாம் விதியைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். சரியான விதிதான், ஏன் அன்றைக்கே கொண்டு வரவில்லை, கோலா, வாக்கரா என்று கேட்டாள்.

"யானை, மோளே."

அவள் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் பிடிப்பீர்கள் என்று கேட்டாள். வலது கையில் என்றார். அது மருத்துவப்படி சரியான பக்கம், வலுவுள்ள கையில்தான் பிடிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். உலகன்னானிடம் அழைத்துப் போனாள்.

உலகன்னான் படிவத்தை எடுத்தார். அதில் ஐந்து கட்டம்: ஒன்றுமில்லை, ஒற்றைக் கோல், நாலுகால் ஊன்றுகோல், வாக்கர், இன்னொருவர் தோள். 'மற்றவை' என்று ஒரு கட்டம் பழைய படிவத்தில் இருந்ததாம். அதில் ஜனங்கள் கண்டதையும் எழுதியதால் எடுத்துவிட்டார்களாம்.

"அது ஆளா?"

"ஆள் இல்லை சாரே. ஆனா ஆளைவிடப் பொறுமை."

"பொறுமைக்குக் கட்டம் இல்லை. கால் எத்தனை?"

"நாலு."

உலகன்னான் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் இதைவிடக் கச்சிதமாகக் கட்டத்தில் பொருந்திய ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்று பின்னால் பல பேரிடம் சொன்னார்.

டிக் போட்டால் இணைப்புப் படிவமும் உண்டு. ஊன்றுகோல் எதனால் ஆனது? 'உயிருள்ளது' என்று எழுதினார்கள். உயரம் பயனாளியின் மணிக்கட்டு அளவுக்கு இருக்கிறதா? சங்குண்ணி யோசித்து, தந்தத்தின் நுனி சரியாக மணிக்கட்டுக்கு வரும், மேல் உயரம் மூன்று மீட்டர் ஐந்து செண்டிமீட்டர் என்றார். உலகன்னான் மேல் உயரத்தை மட்டும் எழுதினார். கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். நிறம்: சாம்பல். கால் முனைகளில் வழுக்காத ரப்பர் உண்டா? இயற்கையாகவே உண்டு, நாலு. ஆணி, திருகு தளர்ந்திருக்கிறதா? மதக்காலத்தில் மட்டும்.

ஊன்றுகோல் பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டாம் எண்ணாக நீலாண்டன் ஏறினான். நூற்றுப் பதினேழாம் எண், ஒரு அலுமினியக் கோல். விதிப்படி எண்ணைப் பொருளின் மேல் எழுத வேண்டும். உலகன்னான் ஒரு தகரத் துண்டில் மஞ்சள் பெயின்டால் 118 என்று எழுதிக் கொடுத்தார். அதை யானையின் கழுத்து மணிக்கயிற்றில் கட்டினார்கள்.

மகரம் இருபதாம் தேதி இரண்டாவது அளவை. ஊன்றுகோல் தாழ்வாரத்துக்குள் நுழையாததால், ஆம்புலன்ஸ் நிற்கும் முற்றத்தில் ஷெமீனா நாடா பிடித்துச் சுண்ணாம்பால் கோடு போட்டாள். காய்ச்சலுக்கு வந்தவர்கள் காய்ச்சலை மறந்து ஜன்னல்களில் நின்றார்கள். பழம்பொரி விற்பவர் கூடையோடு உள்ளே வந்துவிட்டார். உலகன்னான் முதலில் குனிந்து நாலு கால் முனைகளையும் பரிசோதித்தார். திருப்தி என்று எழுதினார்.

ஷெமீனா இந்த முறை ஒன், டூ, த்ரீ சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க சேட்டா" என்றாள்.

சங்குண்ணி தந்தத்தில் கை வைத்து, மெல்ல, "நட, ஆனே" என்றார்.

பதினோரு விநாடி. விநாடிக்குத் தொண்ணூறு செண்டிமீட்டர். ஊரோடு நடப்பவர். ஷெமீனா கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ எழுதினாள்.

சான்றோடு சங்குண்ணி மேனோன் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றார். மேனோன் சான்றை வாங்கி முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். பின்பக்கத்தில்தான் 'ஊன்றுகோலுடன்' என்று இருந்தது.

"பிடி இல்லாம நடக்க முடியாத ஆள்கிட்ட யானையை எப்படிடோ ஒப்படைக்கிறது?"

"பிடியே யானைதான் சாரே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ யானையை விட்டுட்டு நடந்து காட்டு. யானையை உனக்குத் தர்றேன்."

சங்குண்ணி இதை நடந்து வீடு சேரும்வரை யோசித்தார். எண்ணூற்று அறுபது அடி. யானை கிடைக்க வேண்டுமானால் யானை தேவைப்படாதவராக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

மகரம் முப்பதாம் தேதி காலை வடக்கேயிருந்து லாரி வந்தது. பலகை சாய்த்து வைத்தார்கள். பிஜு சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். நீலாண்டன் பலகையையும் சங்குண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். சங்குண்ணி தந்தத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி மேனோன் மூன்று முறை சொன்னார்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உலகன்னான் இறங்கினார். கையில் ஊன்றுகோல் பதிவேடு. சங்குண்ணிக்கு உதவ வந்தவர் அல்ல. மாதக் கடைசி ஆனதால் சாமான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வந்தவர். பதினோரு வீடு முடித்துவிட்டு, பன்னிரண்டாவதாக இங்கே வந்திருந்தார்.

"நூற்றுப் பதினெட்டு எங்க போகுது?" என்று கேட்டார்.

மேனோன் விளக்கினார். உலகன்னான் பதினோராம் விதியைப் படித்துக் காட்டினார். பதிவேட்டில் ஏறிய ஊன்றுகோலைப் பயனாளியிடமிருந்து பிரிக்கவோ, இரவல் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ, தாலுக்கா எல்லை தாண்டிக் கொண்டு போகவோ கூடாது. மீறினால் வழக்கு.

"இது அம்பலத்து யானைடோ" என்றார் மேனோன்.

"இருக்கலாம் சாரே. எங்க பதிவேட்டில் யானை எதுவும் இல்லை. ஊன்றுகோல்தான் இருக்கு."

ஓய்வு பெற்ற தாசில்தாருக்கு ஒரு பதிவேட்டை எதிர்க்கும் சக்தி கிடையாது. அவர் வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் செய்ததுதான் அது. லாரி பலகையை எடுத்துக்கொண்டு காலியாகத் திரும்பியது. பிஜு சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா வாங்கப் போனான்.

ஆனாலும் மேனோன் விடவில்லை. ஊன்றுகோலே பழுது, இடது பின்னங்காலை இழுக்கிறது, ஆகவே பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று மனுப் போட்டார். மிருக டாக்டர் வந்தார். அவருடைய படிவம் பசுமாட்டுக்கு அச்சடித்தது. தினசரிப் பால் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஆரம்பித்தார். அவருக்கும் பத்து மீட்டர்தான் விதி. பிஜு நடத்தினான்: இருபத்தாறு விநாடி. அன்றாடம் யாரோடு நடக்குமோ அவரோடு நடத்துங்கள் என்றார். சங்குண்ணி நடத்தினார்: பதினோரு விநாடி.

மிருக டாக்டர் தன் படிவத்தில் ஆதரவு என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து, 'இருகால் ஆதரவு, ஒன்று, பிரிக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொருளின் அடையாளம் என்ற இடத்தில் சங்குண்ணியின் இடது காதுக்குக் கீழே உள்ள மச்சத்தைக் குறித்தார்.

கும்ப மாதத்தில் உற்சவம் வந்தது. சாமியின் உற்சவ மூர்த்தியான திடம்பைச் சுமப்பது எப்போதும் நீலாண்டன்தான். திடம்பு ஏற்றிய யானையை முந்திப் போக வேறு யானைக்கு உரிமையில்லை, மனிதருக்கும் இல்லை. பக்கத்தில் சங்குண்ணி. தூரம் பத்து மீட்டர் அல்ல; போகப் போக இவர் காலை இழுக்க, அவன் காலை இழுக்க, பின்னால் ஆறு யானைகளும் செண்டைக்காரர்களும் கமிட்டியும் கலெக்டர் ஆபீஸ்காரர்களும் அடிக்கு அடி நின்று நின்று வந்தார்கள். ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் முடியும் ஊர்வலம் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

இதை ஊர் கண்டித்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பத்திரிகையில், 'அவசர யுகத்துக்கு நீலாண்டன் கற்பித்த மந்த கம்பீரம்' என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். யானைப் பிரியர் சங்கத்தினர் பத்திரிகையைப் படித்த பிறகு தங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது என்று கண்டுகொண்டார்கள். நாற்சந்தியில் நீலாண்டன் படத்தோடு பதினேழு பிளெக்ஸ் போர்டு எழுந்தது. 'மந்தகஜ சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்துத் தங்க முலாம் பூசிய பதக்கம் போட்டார்கள். பதக்கம் 118 என்ற தகரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ரசிகர்கள் அந்த எண்ணுக்கு அர்த்தம் தேடி, அது யானையின் முற்பிறவியோடு சம்பந்தப்பட்டது என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த மாதமே பக்கத்து அம்பலங்களில் பாகன்கள் தங்கள் யானைகளை இடது பின்னங்காலை இழுக்கப் பழக்கினார்கள். இதுதான் பழைய சம்பிரதாயம், நடுவில் மறந்து போயிருந்தது என்றார்கள் பெரியவர்கள். ரசிகர்களான வாலிபர்கள் தாங்களும் இடது காலை இழுத்து நடந்தார்கள்; வேகமாக நடப்பவனைப் பார்த்து, வெளியூரா என்று கேட்டார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை இழுத்து நடந்தான். பள்ளிக்கூட அணிவகுப்பில் இழுத்து நடந்தார்கள். மேனோன் முதலில் முகம் சுளித்தார். பிறகு கமிட்டித் தேர்தல் வந்தது. அவரும் இழுத்தார்.

தேவயானி மட்டும் நேராக நடந்தாள். மீன் வாங்கப் போன இடத்தில் அவளிடம், சக்கரவர்த்தியின் வீட்டுக்காரியே இப்படி நடக்கலாமா என்று கேட்டார்கள். வீட்டில் ஒருத்தராவது வேகமாக நடந்தால்தான் மீன் அழுகாமல் வந்து சேரும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கஷ்டம் எங்கே வந்ததென்றால், ஆஸ்பத்திரியின் மாதாந்திரக் கணக்கில். சளி, சிரங்கு என்று வருகிறவர்களைக்கூட வாசலில் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி: நடையில் குறை உண்டா? உலகன்னான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். மூன்று மாதத்தில் தாழேக்காவில் இடது கால் இழுப்போர் முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர் என்று கணக்குப் போயிற்று. ஷெமீனா, இது நோய் இல்லை சாரே, மோஸ்தர் என்றாள். மோஸ்தருக்குக் கட்டம் இல்லை என்றார் அவர்.

தலைநகரிலிருந்து மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு வந்தது. பஞ்சாயத்து முழுவதும் பக்கவாதமா என்று அவர்களுக்குத் திகில். முந்நூற்று எண்பத்தெட்டுப் பேரையும் தாழ்வாரத்தில் எக்ஸ்ரே மெஷினைச் சுற்றி நடக்க வைத்தார்கள். ரசிகர்கள், அரசாங்கமே தங்கள் நடையைப் பார்க்க வந்துவிட்டது என்று பெருமையோடு, வழக்கத்தைவிட அழகாக இழுத்தார்கள். சராசரி, விநாடிக்கு முப்பத்தெட்டு செண்டிமீட்டர். ஊரே வீட்டோடு நடக்கிறது என்று குழு அறிவித்தது. ஐந்து நாள் இதையே பார்த்ததில், குழுத் தலைவர் ஜீப்புக்குத் திரும்பும்போது லேசாக இடது காலை இழுத்தார். அதை உலகன்னான் பார்த்துவிட்டு முந்நூற்று எண்பத்தொன்பது என்று திருத்தினார்.

குழு பழைய ஏடுகளைப் புரட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. இந்தத் தாலுக்காவில் எந்தச் சிகிச்சையும் செய்யாத அற்புதத்தை ஒரே ஒரு சாதனம் செய்திருக்கிறது: இருபத்தாறு விநாடியைப் பதினோரு விநாடியாக்கியிருக்கிறது. வரிசை எண் நூற்றுப் பதினெட்டு. நாலுகால் ஊன்றுகோல், சாம்பல் நிறம், உயரம் மூன்று மீட்டர் ஐந்து செண்டிமீட்டர். கட்டுத்தறிக்குப் போய் அதைப் பார்க்கலாம் என்று ஷெமீனா சொன்னாள். ஜீப் காத்திருந்தது. அதே அளவில் முந்நூற்று எண்பத்தொன்பது ஊன்றுகோல் உடனே வாங்க வேண்டும் என்று எழுதிவிட்டு அவர்கள் போனார்கள்.

உத்தரவு அதிசயமான வேகத்தில் நிறைவேறியது. சிங்க மாதத்தில் ஐந்து லாரி வந்தது. முந்நூற்று எண்பத்தொன்பது அலுமினிய ஊன்றுகோல், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் ஐந்து செண்டிமீட்டர் உயரம், சாம்பல் நிறம், கீழே நாலு கால், நாலு ரப்பர். பிடி எங்கோ மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏணி வைத்தால் பிடிக்கலாம் என்று ஒருவர் ஆராய்ந்து சொன்னார்; ஏணிக்கு உத்தரவு இல்லை.

வேறு இடம் இல்லாததால் அத்தனையையும் பதினாலாம் நம்பர் தாழ்வாரத்தில் அடுக்கினார்கள். எக்ஸ்ரே மெஷின் மறைந்தது. இரண்டு மஞ்சள் கோடுகளும் மறைந்தன. ஊன்றுகோல்களை மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை நகர்த்தக் கூடாது.

அளக்க இடமில்லை. அளக்காமல் முடிவும் இல்லை. உலகன்னான் மூன்று நாள் யோசித்து, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒரு அறிவிப்பு எழுதி வாசலில் ஒட்டினார்: தாழ்வாரம் காலியாகும்வரை இந்தத் தாலுக்காவில் எவரும் நடப்பதாகக் கருதப்படமாட்டார்.

ஜனங்கள் கூடி நின்று அதைப் படித்தார்கள். நியாயம்தான் என்றார்கள். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

முன்னமே அளந்து 'ஊரோடு' வேகத்தைத் தொட்டு முத்திரை வாங்கியவர்களை அறிவிப்பு கட்டுப்படுத்தாது. அப்படித் தேடிப் பார்த்ததில் தாழேக்காவில் சட்டப்படி நடப்பவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு மற்றவர் ஊன்றுகோல். தினமும் காலை ஏழு மணிக்கு அவர்கள் கட்டுத்தறியிலிருந்து குளிக்கடவுக்குப் போகிறார்கள். முன்பு இருநூற்றுப் பன்னிரண்டு அடியாக இருந்த வழி இப்போது நூற்று எழுபத்து நாலு அடி. மணலில் கோடு எதுவும் விழுவதில்லை. சங்குண்ணியின் கை தந்தத்தின்மேல்தான் இருக்கிறது. ஆனால் கையில் பாரம் இல்லை. அதை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாததால், அவர் யாரிடமும் சொல்லவில்லை.